எழுத்து வராத கீபோர்டு

நம் வயதுக்காரர்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். மாத்திரை அட்டையைக் கைநீட்டித் தள்ளி வைத்துப் படிக்கிறவர்களிடம், கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனவர்களிடம். இன்றைய பிள்ளைகளுக்கு அணைந்து கிடக்கும் திரை வெறும் குப்பை. நாம் அப்படிப்பட்ட திரைக்குச் சந்தனம் தொட்டுப் பொட்டு வைத்தவர்கள்.

எங்கள் வீட்டில் ஒன்று இருந்தது. பெங்களூர் நீலசந்திராவில், எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட வேண்டிய சந்து. ஒரே அறை, அதன் மூலையில் அடுப்பு, கொடியில் எந்நேரமும் ஈரத்துணி. அப்பா ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் செக்யூரிட்டி. அங்கே பழைய மெஷின்களை மாற்றிய சமயத்தில் யாரோ ஒரு மேனேஜர் "வேணும்னா எடுத்துக்கோங்க" என்று சொல்ல, அப்பா ஆட்டோவில் மடிமேல் வைத்துக் கொண்டுவந்தார். ஒரு மானிட்டர், ஒரு கீபோர்டு. கம்ப்யூட்டரைக் கம்ப்யூட்டராக்கும் அந்தப் பெட்டி வரவில்லை. அது இல்லாமல் மற்ற இரண்டும் உயிரில்லாதவை என்று அப்பாவுக்குத் தெரியுமா தெரியாதா, நான் கடைசிவரை கேட்கவில்லை. சந்தில் இறங்கியபோது அவர் நடந்த நடை மட்டும் நினைவிருக்கிறது. குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கி வருகிறவர் அப்படித்தான் நடப்பார்.

மானிட்டருக்குக் காளையின் திமில் மாதிரி ஒரு முதுகு. பின்பக்க ஓட்டைகளில் மூக்கை வைத்தால் சூடேறித் தணிந்த தூசியின் வாசனை, இஸ்திரிப் பெட்டிக்கும் மழைக்கும் நடுவில் ஒரு வாசனை. அணைந்த திரைக்குள் எங்கள் வீடு பச்சையாக, குட்டையாகத் தெரிந்தது. அடுப்பு, கொடி, வாசலில் போகிற கால்கள். கேபிள் டிவி இல்லாத எங்களுக்கு அதில் எங்களையே பார்க்க முடிந்தது.

அம்மா தன் பழைய சேலையில் கொசுவம் வைத்து அதற்கு உறை தைத்தாள். ஆயுத பூஜை அன்றைக்கு அரிவாள்மனை, அப்பாவின் டார்ச், தராசு இல்லாத எடைக்கல் என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவள், மானிட்டரின் நெற்றியில் மட்டும் கொஞ்சம் பெரிதாக வைத்தாள். வெளியே சந்து முழுக்க வாழைக்கன்று கட்டிய ஆட்டோக்கள். உடைத்த பூசணியின் சிவப்பு நீர் எங்கள் வாசல்வரை ஓடி வந்தது.

அக்கா பத்தாவது முடித்துவிட்டு அடுகோடிப் பக்கம் ஒரு கார்மெண்ட்ஸில் வேலைக்குப் போனாள். தைத்து முடித்த சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை நறுக்குகிற வேலை. ஜன்னல்களை அடைத்து வைத்திருப்பார்கள், துணிமேல் வெளித் தூசி படக்கூடாதென்று. உள்ளே பறக்கிற பஞ்சைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. சாயங்காலம் அவள் வந்து நிற்கும்போது புருவம், இமை, காதோர முடி எல்லாம் நரைத்திருக்கும். பத்தொன்பது வயதுக்காரி முகத்தைக் கழுவக் கழுவ இளமையாகிக்கொண்டே வருவதைத் தினமும் நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன். இருமலை மட்டும் கழுவ முடியவில்லை.

முகம் துடைத்த கையோடு கீபோர்டை மடியில் எடுத்துக்கொள்வாள். எதிர்வீட்டு அண்ணி கல்யாணத்துக்கு முன் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணியவள். அண்ணி சொல்லிக்கொடுத்த பாடம் இன்றைக்கும் என் காதில் ஓடுகிறது. ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே. வார்த்தையாகாத வார்த்தை. நம்மில் பலருக்கு அது தெரியும், தட்டச்சு நிலையத்து மாடிப்படிக்குக் கீழே நின்றிருந்தாலே போதும். அக்கா அடிப்பாள், ஓட்டுக்கூரையில் தூறல் விழுகிற சத்தம். ஒரு எழுத்தும் எங்கேயும் வராது. வயரின் முனை பாயின் விளிம்பில் சும்மா கிடக்கும். சரியாக அடித்தாளா என்று பார்ப்பது என் வேலை. விரல் எந்தச் சாவிமேல் விழுகிறதென்று குனிந்து பார்த்து "தப்பு" என்பேன்.

"நீ கத்தறதுக்குள்ள நானே பாத்துட்டேன், போடி."

அதுதான் அவளுடைய பிரச்சினையும். பார்த்துப் பார்த்துத்தான் அடிப்பாள். அண்ணி வந்தால் தலையிலேயே ஒரு தட்டு.

"கீழ இன்னா இருக்கு, புதையலா? தாள பாரு. கண்ணு மேல, வெரலு கீழ."

"கண்ண எடுத்தா வெரலு காணாமப் போயிடுது அண்ணி."

அந்த அண்ணிதான் செய்தியும் கொண்டுவந்தாள். கோரமங்களாவில் ஒரு ஆபீஸ். வெளிநாட்டு ஆஸ்பத்திரி பில்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. பத்தாவது போதும், டைப் தெரியவேண்டும். திங்கட்கிழமை டெஸ்ட் வைத்து ஆள் எடுக்கிறார்கள். அக்கா அன்றைக்குச் சோறு தின்றுகொண்டே சொன்னாள்: "இதுல மட்டும் எடுத்துட்டாங்கன்னா அந்தப் பஞ்சுக்குள்ள திரும்பிப் போகமாட்டேன்." சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. அம்மா அவள் முதுகை நீவினாள்.

அந்த வாரத்தில்தான் எங்கள் சயின்ஸ் மிஸ் ஒரு புதுச் சொல்லோடு வகுப்புக்கு வந்தார். ஈ-வேஸ்ட்.

மிஸ்ஸைப் பற்றிச் சொல்லவேண்டும். ரிச்சர்ட்ஸ் டவுனில் ஓட்டு வீட்டுக்காரர், நான்கு தலைமுறையாக அங்கேயே இருக்கிற கிறிஸ்தவக் குடும்பம். கஞ்சி போட்ட காட்டன் புடவை, அதன்மேல் ஸ்கூட்டிக்காக ஒரு ஸ்வெட்டர். எங்கள் பள்ளியில் பிள்ளைகளை அடிக்காத ஒரே ஆசிரியர். அவர் பாடம் நடத்தினால் மழைத்துளியிலிருந்து மண்புழுவரை எல்லாம் நமக்கு உறவாகிவிடும். எங்கோ ஒரு பயிலரங்கத்துக்குப் போய்விட்டு வந்திருந்தார், கண்ணெல்லாம் பளபளவென்று.

"குழந்தைகளா, இந்த ஊர்ல எத்தனை கம்ப்யூட்டர் வருது, பார்க்கிறீங்க இல்ல? அதெல்லாம் ஒருநாள் சாகும். செத்தா எங்கே போகும்? யாராச்சும் சொல்லுங்க, மா."

"சுடுகாட்டுக்கு மிஸ்" என்றது பின்பெஞ்சு.

மிஸ்ஸும் சிரித்தார். பிறகு மானிட்டரின் கண்ணாடிக்குள் ஈயம் இருப்பதையும், அதை உடைத்தாலோ எரித்தாலோ மண்ணிலும் மூச்சிலும் கலந்துவிடும் என்பதையும் போர்டில் வரைந்து காட்டினார். அதனால் நாம் செய்யப்போவது இது. வீடுவீடாகப் போய் உயிர்போன சாமான்களைச் சேகரிக்கிறோம், அவற்றில் அழகான பொருட்கள் செய்கிறோம், அடுத்த சனிக்கிழமை கண்காட்சி. வகுப்பே மேசையைத் தட்டியது. எனக்கும் உற்சாகம்தான். என் வீட்டை அந்தக் கணக்கில் நான் சேர்க்கவேயில்லை. எங்கள் மானிட்டர் செத்துப்போனதென்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை காலை குழு குழுவாகக் கிளம்பினோம். எங்கள் குழுவுக்கு கிளாஸ் லீடர்தான் தலைவன், டை கட்டிய, எல்லாக் கேள்விக்கும் முதலில் கைதூக்குகிற பையன். சந்துக்காரி என்பதால் நான் வழிகாட்டி. சாக்குப்பையில் ஒரு ஓடாத டேப்ரிக்கார்டர், பெல்ட் அறுந்த வாக்மேன், இரண்டு கால்குலேட்டர், கீறல் விழுந்த சிடிக்கள். எங்கள் வீட்டு வாசலில் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, ஈ-வேஸ்ட் ஏதாச்சும் இருக்கா?"

"இன்னாது அது?"

"கரண்ட்டுல ஓடற குப்பை, ஆன்ட்டி."

"கரண்ட்டே பாதிநாள் இல்ல. குப்பை எங்கேர்ந்து வரும்?"

அதற்குள் லீடர் எட்டிப் பார்த்துவிட்டான். "அந்தா, மானிட்டர்! அது ஓடுமா ஆன்ட்டி?"

அம்மாவுக்கு ரோஷம் வந்தது. "ஓடாம இன்னா? வயர்தான் சேக்கல."

"ஓடலைன்னா வீட்டுல வைக்கக்கூடாது ஆன்ட்டி. உள்ள ஈயம். விஷம். மூச்சுல போயி நெஞ்சுல தங்கிடும். மிஸ்ஸே சொன்னாங்க."

உடைத்தால், எரித்தால் என்று மிஸ் சொன்ன இரண்டையும் அவன் வழியிலேயே தொலைத்துவிட்டிருந்தான். அம்மாவின் கை அரிசிக்குள் நின்றது.

"நெஞ்சுலயா?"

"நெஞ்சுல, மூளைல, எல்லா எடத்துலயும்."

அம்மா எழுந்து உள்ளே போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். "அம்மா, அது அக்காவோடது. திங்கக்கெழம டெஸ்ட்டு இருக்கும்மா."

"சும்னே இருடி. ராத்திரியானா லொக்கு லொக்குன்னு இருமறாளே, எதனாலன்னு இப்பதான தெரியுது? தெனம் அதும் மூஞ்சிக்கு நேரா ஒக்காந்துக்கினு, அதும் மூச்ச இவ மூச்சா இழுத்துக்கினு..."

சேலை உறையை உருவினாள். பொட்டைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கினாள். பொட்டு வைத்த பொருளைக் குப்பை என்று எப்படிக் கொடுப்பது? முந்தானையை ஈரமாக்கி அதன் நெற்றியை அழுந்தத் துடைத்தாள். சந்தனம் போயிற்று, குங்குமத்தின் கறை மட்டும் மெல்லிய இளஞ்சிவப்பாக நின்றுவிட்டது. பிறகு கீபோர்டையும் எடுத்து நீட்டினாள்.

"இதும் அதோட குட்டிதான. எடுத்துக்கினு போங்க."

"அது விஷமில்லம்மா!" என்று நான் கத்தியதை அரிசி களைந்த தண்ணீரோடு சாக்கடையில் ஊற்றிவிட்டாள்.

மத்தியானம் கைவேலை வகுப்பு. மிஸ்ஸிடம் போய்ச் சொன்னேன். அவர் என் உயரத்துக்குக் குனிந்துதான் கேட்டார், அதை நான் மறைக்கமாட்டேன்.

"அது வேலை செய்யுதாம்மா?"

"இல்ல மிஸ்."

"அம்மாவே குடுத்தாங்களா?"

"ஆமா மிஸ்."

"அப்புறம் என்ன, கண்ணு? அதுக்கு நாம புது உயிர் குடுக்கப்போறோம், பாரு."

உயிரில்லாத கீபோர்டில் ஒருத்தி தினமும் உழைக்கிறாள் என்பதைச் சொல்ல எனக்கு மொழி கிடைக்கவில்லை. சொல்லியிருந்தாலும் பதினோரு வயதின் பேச்சில் அது விளையாட்டாகத்தான் கேட்டிருக்கும்.

ஸ்க்ரூ டிரைவரால் சாவிகளை நெம்பினார்கள். ஒவ்வொன்றும் பல் விழுகிற சத்தத்தோடு தெறித்தது. அட்டையில் சாவிகளை ஒட்டி வாசகம் எழுதுவதாகத் திட்டம். அப்போதுதான் தெரிந்தது, ஒரு கீபோர்டில் ஒவ்வொரு எழுத்தும் ஒன்றே ஒன்றுதான். 'சேவ் எர்த்' என்று எழுத ஈ இரண்டு வேண்டும், ஏ இரண்டு வேண்டும். 'க்ரீன்' என்றால் மறுபடி ஈ. வகுப்பே நெற்றியைச் சுருக்கிக்கொண்டு எழுத்து திரும்பி வராத வார்த்தையைத் தேடியது. கடைசியில் 'எர்த்' மட்டும் மிஞ்சியது. பூமியை ஒட்டிவிட்டு மீதிச் சாவிகளை அட்டை முதலைக்கு முதுகுச் செதிலாக்கினார்கள். அழகாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரம்.

சாயங்காலம் அக்கா வந்தாள். முகம் கழுவக்கூட இல்லை, காலியிடத்தைப் பார்த்துவிட்டாள்.

"எங்கம்மா?"

"எது?"

"தெரியாத மாதிரி கேக்காத."

"உன் இருமலத்தான் தூக்கிக் குடுத்துட்டேன்" என்றாள் அம்மா. குரலில் ஒரு காரியம் முடித்த திருப்தி. "அதுக்குள்ள ஈயமாம். நெஞ்சுல போயி ஒக்காந்துக்குமாம். இஸ்கூல்லயே சொல்றாங்க."

"இருமல் அதுலேர்ந்தா வருது? பஞ்சுலேர்ந்து வருதும்மா!"

"பஞ்சு இன்னாடி பண்ணும்? தலகாணில இல்லாத பஞ்சா?"

அக்கா புருவத்து நரையோடு அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அம்மா தட்டில் சோறு போட்டு, அதன் நடுவில் குழிபறித்து, எங்களுக்கு வைக்காத நெய்யை அவளுக்கு மட்டும் விட்டாள். இப்போது நினைத்துப் பார்க்கிறேன். மகள் தினமும் போய்வருகிற நஞ்சை அம்மா நம்பினாள், அது வேலை என்பதால். வெளியே வருவதற்கு மகள் வைத்திருந்த ஒரே கதவைக் கழற்றிக் குப்பையில் போட்டாள், அதை விஷம் என்று யாரோ படித்தவர்கள் சொன்னதால். இரண்டையும் செய்தது ஒரே அன்பு. அன்புக்குப் பார்வை குறைவு என்பது நாமும் பெற்றோராகி அதே மாதிரி இரண்டொன்று செய்த பிறகுதானே நமக்குத் தெரிகிறது?

சனிக்கிழமை எங்களுக்கு அரைநாள் பள்ளி. அக்கா சூப்பர்வைசரிடம் கெஞ்சி மணியடிப்பதற்கு முன் வந்துவிட்டாள். வகுப்பு வாசலில் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், தலையெல்லாம் பஞ்சு.

"மிஸ், அந்தக் கீபோர்டு... அதுலதான் நான் டைப் பழகறேன். நாளன்னிக்கி டெஸ்ட்டு. முடிஞ்சதும் நானே கொண்டாந்து குடுத்துடறேன் மிஸ்."

மிஸ்ஸின் முகம் சிவந்தது. முதலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஐயோ, இவ சொல்லத்தான் வந்தா. எனக்குப் புரியலையேம்மா." உடனே வகுப்பின் பக்கம் திரும்பினார். "எல்லாரும் எழுந்திரிங்க. மணியடிக்கிறதுக்குள்ள அக்காவோட கீபோர்டு ரெடியாகணும்."

அதைப்போல ஒரு வேகத்தை அந்த வகுப்பில் நான் பார்த்ததில்லை. பசையைச் சுரண்டுகிறவர்கள், துடைக்கிறவர்கள், சட்டை நுனியால் பளபளப்பாக்குகிறவர்கள். பூமி உரிந்து வந்தது. முதலை வழுக்கையானது. இரண்டு சாவிகள் எங்கே தேடியும் கிடைக்கவில்லை, அழிரப்பரை வெட்டிப் பேனாவால் எழுதிச் செருகினார்கள். அக்காவை மிஸ் தன் நாற்காலியிலேயே உட்காரவைத்து, ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார். அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, காபியை ஊதிக்கொண்டே, எந்தப் பள்ளி எந்த வருஷம் என்று மிஸ் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மிஸ், எந்தெந்த எழுத்து எங்கெங்க வரும்?" என்று கேட்டான் லீடர்.

மிஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஏ பி சி டி வரிசைதான், வேற எப்படி?"

அவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். எங்கள் பள்ளியின் ஒரே கம்ப்யூட்டர் ஹெட்மாஸ்டர் அறையில் உறைக்குள் இருந்தது. மிஸ் வாழ்நாள் முழுக்கக் கையால் எழுதியவர், முத்து முத்தான எழுத்து. எழுத்து என்றால் ஏயில் தொடங்கி இசட்டில் முடியும் என்பதில் அவருக்கு என்ன சந்தேகம்? நான் கூட்டத்துக்குள் புகுந்து தடுப்பதற்குள் மேல்வரிசை நிரம்பிவிட்டது. "இப்படி இல்லடா" என்றேன். "பின்ன எப்படி?" என்றான் லீடர். எப்படி என்று எனக்கும் சொல்ல வரவில்லை. தினமும் பார்த்தவள்தான், ஆனாலும் அக்காவின் விரலைத்தான் பார்த்திருக்கிறேன், வரிசையை அல்ல.

செய்தித்தாளில் சுற்றி, நூல் கட்டி, பரிசு மாதிரி கொண்டுவந்து நீட்டினார்கள். அக்கா பிரித்தாள். முதலில் அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. பிறகு உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். முப்பது பிள்ளைகள், அத்தனை பேர் விரலிலும் பசை, அத்தனை பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு.

"நீட்டா அடுக்கிட்டாங்க இல்ல? இனிமே தேட வேண்டியதில்லை" என்றார் மிஸ்.

"ஆமா மிஸ்" என்றாள் அக்கா. "ரொம்ப ஈசியா இருக்கும்."

கேட்டைத் தாண்டி, மூலை திரும்பி, பால் பூத்துக்குப் பின்னால் போன பிறகுதான் வெடித்தது. சிரிப்பு. அலையலையாகச் சிரிப்பு. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரிப்பு இருமலாகி, இருமல் கண்ணீராகி, கடைசியில் எது எதுவென்று தெரியாமல் போயிற்று. நான் கீபோர்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

வீட்டில் சரிசெய்யப் பார்த்தோம். முதல் சாவியை நெம்பியதுமே அதன் கால் ஒடிந்தது. இரண்டாவது முறை கழற்றினால் தாங்காது. அக்கா கையை எடுத்துவிட்டாள். கொஞ்ச நேரம் அந்தத் தப்பான எழுத்துகளையே பார்த்தாள். பிறகு குளித்த துண்டை எடுத்து, கீபோர்டின்மேல் போட்டு, அதற்கடியில் இரண்டு கையையும் நுழைத்தாள்.

"பாப்பா, சாக்பீஸ் இருக்கா?"

"இருக்கு."

"நான் அடிக்கிறேன். எந்த வெரலு எங்க போவுதுன்னு துண்டுக்கு மேல பாத்துக்கோ. நான் சொல்ற எழுத்த அந்த எடத்துல தரையில எழுது."

கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். ஏ. எஸ். டி. எஃப். துண்டுக்கடியில் விரல்கள் பூனைக்குட்டிகள் மாதிரி நகர்ந்தன. நான் சிவப்புத் தரையில் கட்டம் கட்டமாக எழுதிக்கொண்டே போனேன். ஓரிரு இடத்தில் நின்றாள். விரலை முன்னும் பின்னும் ஆட்டி, ஏதோ நினைவுக்கு வந்த மாதிரி தலையசைத்து, மேலே போனாள். எதிர்வீட்டு அண்ணி வந்து வாசற்படியில் நின்று பார்த்தாள். ஒரே ஒரு எழுத்தை மட்டும் கால் பெருவிரலால் காட்டினாள். "பீய இங்க போடு. மத்ததெல்லாம் கரெக்ட்டு." எத்தனை மாதமாய் இந்தத் தலையில் தட்டினேன், முப்பது குரங்குகள் சேர்ந்து ஒரே நாளில் செய்துவிட்டனவே என்பதுபோலச் சிரித்துவிட்டுப் போனாள்.

ஞாயிறு முழுக்க அதுதான். துண்டுக்கடியில் தூறல், தரையில் சாக்பீஸ். நான் இங்கிலீஷ் பேப்பரைப் படிப்பேன், அவள் அடிப்பாள், நான் தரையோடு ஒப்பிட்டு "தப்பு" என்பேன். மத்தியானம் அம்மா துடைப்பத்தோடு வந்தாள். எழுத்துகளைப் பார்த்தாள். மகளின் மூடிய கண்களைப் பார்த்தாள். அறை முழுவதையும் கூட்டினாள், அந்தக் கட்டங்களை மட்டும் சுற்றிக்கொண்டு போய்விட்டாள். வீட்டில் அப்போது மானிட்டர் இல்லை. ராத்திரி அக்கா எப்போதும்போலத்தான் இருமினாள். அம்மா இருட்டில் எழுந்து உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமை எனக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்குச் சொல்லிவிட்டு அம்மாவே என்னை அக்காவுக்குத் துணையாக அனுப்பினாள். கோரமங்களா ஆபீசில் ஏசிக் குளிர், பினாயில் வாசனை, கண்ணாடித் தடுப்பு. தடுப்புக்கு இந்தப் பக்கம் சோபாவில் நான். அந்தப் பக்கம் வரிசையாகப் பெண்கள், ஒவ்வொருவர் எதிரிலும் உயிருள்ள மானிட்டர். சூப்பர்வைசர் அம்மா உயரமாக, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எல்லோரும் ஆரம்பித்துவிட்டார்கள். அக்கா மட்டும் கீபோர்டைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் எழுந்து போய்க் கண்ணாடியில் மூக்கை ஒட்டினேன்.

சூப்பர்வைசர் அம்மா கன்னடத்தில் கேட்டது கதவிடுக்கு வழியாக எனக்கே கேட்டது. "ஏனம்மா, பூஜே ஆயித்தா? ஷுரு மாடு." பூஜை முடிந்ததா, ஆரம்பி என்று. பக்கத்துப் பெண்கள் சிரித்தார்கள்.

அக்கா கண்ணைத் திறந்தாள். தாளைப் பார்த்தாள். அடிக்க ஆரம்பித்தாள். மற்ற தலைகள் எல்லாம் தண்ணீர் குடிக்கிற கோழிகள் மாதிரி கீழே குனிந்து மேலே நிமிர்ந்தன. அவள் தலை மட்டும் அசையவில்லை. நடுவில் ஒரே ஒரு முறை தாளிலிருந்து கண் நழுவித் திரைமேல் விழுந்தது. விரல்கள் நின்றுவிட்டன. வாய் லேசாகத் திறந்தது. ஏதோ தப்பாகிவிட்டதென்று நான் பயந்தேன். அடுத்த நொடியே மறுபடி தாளுக்குப் போய்விட்டாள், முன்னைவிட வேகமாக.

வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. ரோட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"இன்னாக்கா ஆச்சி? கண்ண ஏன் மூடிக்கின?"

"அந்தக் கீபோர்டுல எழுத்தெல்லாம் சரியா இருந்துச்சுடி. அதப் பாத்ததும் எனக்கு எல்லாமே மறந்து போச்சி. கண்ண மூடினாத்தான் வந்துச்சி."

"நடுவுல நின்னுட்டியே?"

பஸ் ஸ்டாப் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நான் அடிச்சது தெரிஞ்சுது பாப்பா" என்றாள். "கண்ணாடில. ஒவ்வொண்ணா வந்து நிக்குது."

அவ்வளவு மாதம் அடித்தவை எங்கே போயிருந்தனவோ. அவள் விரலிலிருந்து கிளம்பிய முதல் எழுத்தை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"எடுத்துக்கிட்டாங்களா?"

"ஸ்பீடு பத்தாதாம். வேலைல சேந்து பழகிக்கணுமாம்." அப்புறம்தான் சிரித்தாள். "கீபோர்டு நோட்லே இல்ல இவளுன்னு அந்தம்மா இன்னொருத்தர்கிட்ட சொன்னாங்க. இவ கீபோர்டையே பாக்கலன்னு. வியாழக்கெழம வரச் சொல்லியிருக்காங்க."

அந்த வாரக் கடைசியில் நடந்த கண்காட்சியையும் சொல்லிவிடுகிறேன். சிடிக்களில் செய்த மயிலுக்குப் பரிசு கிடைத்தது. வழுக்கை முதலையைப் பார்த்துப் பெற்றோர்கள் சிரித்தார்கள். 'எர்த்' ஒட்டியிருந்த அட்டையை மிஸ் தூக்கிப் போடவில்லை, பசைக்கறை படிந்த வெற்று அட்டையையே மேசை நடுவில் நிறுத்தி, கீழே தன் முத்து எழுத்தில் ஒரு வரி எழுதியிருந்தார்: 'இங்கிருந்த பொருள் வேலைக்குத் திரும்பிப் போய்விட்டது.' வந்தவர்கள் யாருக்கும் அது புரியவில்லை. எங்கள் மானிட்டரை யாரிடம் கொடுப்பதென்று மிஸ்ஸுக்கே தெரியாமல் அது வெகுநாள் பள்ளி மாடிப்படிக்கடியில் கிடந்தது. பிறகு ஒருநாள் பழைய பேப்பர்காரர் வண்டியில், நெற்றிக் கறையோடு, எங்கோ போயிற்று. எங்கே என்று பாடத்தில் கேட்கப்பட்ட கேள்விக்கு அன்றைக்கு எங்கள் ஊரில் பதில் இருக்கவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது செவ்வாய்க்கிழமை விடியலை.

கார்மெண்ட்ஸுக்குப் போகிற பெண்கள் சந்துக்குள் ஒருவரையொருவர் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டு கூட்டமாக நடந்துபோவார்கள். டிபன் டப்பாக்களின் சத்தம் எங்கள் வாசலில் வந்து நின்றது. வழக்கம்போல ஒருத்தி கதவைத் தட்டி அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். போர்வைக்குள் அக்கா அசையவில்லை. விடிந்த பிறகும் அவள் தூங்கி நான் பார்த்ததில்லை.

நான் எழுப்பப் போனேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, தானே எழுந்து, தலையை அள்ளி முடிந்துகொண்டு கதவைத் திறந்தாள்.

"இன்னாக்கா, அவ வரலையா? ஒடம்பு சரியில்லையா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல" என்றாள் அம்மா. "தூங்கறா. நீங்க போங்க."

அவர்கள் போன பிறகும் அம்மா வாசலிலேயே நின்றாள். முன்னால் போகிற பெண்களின் முதுகில், பின்னலில், முந்தானையில் நேற்றைய பஞ்சு இன்னும் ஒட்டியிருந்தது. சந்து திரும்பும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.